வறட்டு இருமல்

அத்தியாயம் 17

லெட்சுமணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதோடு போன வாரம் விட்டிருந்தோம். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமி முடித்து, முகம் கழுவி, ஒன்றுமே நடக்காதவர் போல வெளியே வந்தார். தாமான் வரிசை வீட்டுச் சுவர் மெல்லிசு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி திட்டுவாள்.

அவருக்கு வயது அறுபத்தாறு. பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மூவாருக்கு வந்து பதினொரு வருடமாக ஒரு கட்டில் மேசைத் தொழிற்சாலையில் கேட் காவல். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எவரையும் நம்ப மாட்டார். கட்டிலுக்கு நாலு கால் என்று முதலாளி தவுக்கேயே வந்து சொன்னாலும் குனிந்து எண்ணிப் பார்க்கிற ஆள். மகன் ஜீவனும் அதே தொழிற்சாலையில்தான், பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். மருமகள் ஷாமளா டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் மரம் தேய்க்கும் பகுதியில் நேபாளத்துப் பகதூர் இருமி இருமி ரத்தமாகத் துப்பிக் கீழே விழுந்தானே, அதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தூசி நெஞ்சை அடைத்துவிட்டது என்று சொன்னார் மனிதவளத்தைப் பார்க்கும் ஹேமநாதன். அடுத்த நாளே கேட்டுக்கு ஒரு பாரம் வந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் ஒரே ஒரு கேள்வி கேட்டு, 'யா' அல்லது 'திடாக்' கட்டத்தில் கோடு போட வேண்டும். உண்டு, இல்லை, அவ்வளவுதான். லெட்சுமணன் ஐந்து வாரமாக ஒரு நாள் தவறாமல் போட்டு வந்தார்.

அன்றைக்குப் புதன்கிழமை.

ஷாமளா கடையில் வாங்கிய ரொட்டி சானாயை மேசையில் வைத்தாள். எண்ணெய் படாமல் இருக்க மேசைமேல் பழைய காகிதம் விரித்திருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் காகிதத்தைப் படித்தாள்.

“மாமா, இது என்ன பேப்பரு?”

“கேட்டு பாரம். பழசு. தூக்கிப் போட்டிருந்தாங்க, விரிக்க எடுத்தாந்தேன்.”

“எல்லாருக்கும் திடாக் போட்டிருக்கு.”

“இல்லைன்னு சொன்னா இல்லைன்னுதானே போடணும்.”

“மொதல் பேரு உங்க பேரு. உங்களுக்கும் திடாக்.”

லெட்சுமணன் ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தார். “எனக்கு வர்றது சளி இருமல்மா. அதுல கேக்கறது வறட்டு இருமல். கேக்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?”

“பாத்தோக் கெரிங்னா என்னன்னு நினைச்சீங்க மாமா?”

“பாத்தோக்னா இருமல். கெரிங்னா காய்ஞ்சது. மலாய் எனக்கும் தெரியும்லா. உங்க கிளினிக்ல விக்கிற மருந்து பாட்டில்லயும் அதான் எழுதியிருக்கு.”

ஷாமளா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“பாட்டில்ல எழுதினா வறட்டு இருமல் மாமா. கவர்மெண்ட் எழுதினா டீபி.”

லெட்சுமணனின் கை தட்டிலேயே நின்றது. தோட்டத்தில் டீபியை டீபி என்றுதான் சொன்னார்கள். பயந்தவர்கள் எலும்புருக்கி என்றார்கள். பகதூருக்குத் தூசி என்று சொல்லிவிட்டு, மறுநாள் வறட்டு இருமல் உண்டா என்று கேட்டால், தூசி இருமலைத்தான் கேட்கிறார்கள் என்று எவனும் நினைப்பான். அவரும் நினைத்தார். இருநூற்றுச் சொச்சம் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

“அந்தப் பகதூர் எங்க கவுண்டருக்கு ரெண்டு தடவ வந்தான்,” என்றாள் ஷாமளா. “ரெண்டு தடவயும் ஒரு நாள் எம்.சி. லீவு. அதுக்கு மேல குடுத்தா உங்க கம்பெனி எங்க டாக்டருக்குப் போன் போடும். வேற கிளினிக் பாத்துக்குறோம்னு சொல்லும். மூணாவது தடவ வந்தவனுக்கு எம்.சி.யே இல்ல. வந்துட்டுப் போன நேரத்தை எழுதி ஒரு சீட்டு. நான்தான் சீல் குத்திக் குடுத்தேன்.”

ஜீவன் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னறையிலிருந்து வந்தான். ரெண்டு மாதமாக அவன் முன்னறையில்தான் பாய் போட்டுப் படுக்கிறான். ஷாமளாவுக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று காரணம் சொன்னான். இடுப்பு வாரில் ஆணியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். ஓவர்டைம் மனுஷனை உரித்துவிடும் என்று லெட்சுமணன் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

“எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்,” என்றான் ஜீவன். முகமூடியைக் காதில் மாட்டினான். “இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இருங்கப்பா. நாலு மணிக்கு கண்டெய்னர். அது ஏறிட்டா எனக்கு அசிஸ்டண்ட் மேனேஜர்னு லெட்டர் ரெடியா இருக்கு. நாளைக்கு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க.”

“நாளைக்கு இன்னொரு கண்டெய்னர் வரும்டா.”

“வரட்டும். வரலன்னாதான் கவலை.”

“உங்க அப்பா இருமுறது உங்களுக்கும் கேக்குதுதானே?” என்றாள் ஷாமளா. “நான் வயித்துல ஒண்ண வெச்சிக்கிட்டு ஒரே வீட்டுல இருக்கேன்.”

ஜீவன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு, ரொட்டியைத் தொடாமலேயே போனான்.

ஷாமளா மாமனாரைப் பார்த்தாள். அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். அதற்குள் இருக்கிற உயிருக்கு இன்னும் ஒரு மூச்சு கூடச் சொந்தமாக விடத் தெரியாது. அது மூச்சு விடப் போகிற காற்றில் இந்த ஒரு மாதமாகத் தான் இருமிக்கொண்டிருப்பதை நினைத்தபோது, அறுபத்தாறு வயசு மனுஷன் நாற்காலியை அவளை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“போட்டோ எடுத்து அனுப்பத் தெரியுமா மாமா?”

“வாழைப்பழம் படம் அனுப்பியிருக்கேன்ல.”

“அது மாதிரி இன்னைக்கு பாரத்தை அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்குறேன்.”

*

ஏழே முக்காலுக்கு கேட் முன்னால் வரிசை நின்றது.

லெட்சுமணன் கையில் இரும்பு எண்ணி ஒன்று வைத்திருப்பார். ஒரு ஆள் உள்ளே போனால் ஒரு அழுத்து. முதல் அழுத்து எப்போதும் தனக்கு. காவல்காரனை எண்ணாமல் எண்ணினால் அது எண்ணிக்கையே இல்லை என்பது அவர் கட்சி.

நோய் விஷயத்தில் இந்த கேட்டில் அவர் பார்க்காதது இல்லை. பெரிய தொற்று வந்தபோது காய்ச்சல்காரனைப் பதினாலு நாள் வீட்டில் வை என்றார்கள். அப்புறம் பத்து நாள் என்றார்கள். ஆர்டர் குவிந்தது, ஏழு ஆனது. பிறகு ஐந்து. கடைசியில் முகமூடி போட்டுக்கொண்டு வா என்றார்கள். கிருமி சுருங்கிவிட்டதா, கப்பல் பெருத்துவிட்டதா என்று அவர் அப்போதே ஹேமநாதனைக் கேட்டார். அதெல்லாம் படித்தவங்க முடிவு பண்ணுறது அங்கிள் என்று பதில் வந்தது. தோட்டத்திலும் அப்படித்தான். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பால் நன்றாகச் சுரக்கிற மாசத்தில் எல்லார் நாக்கும் நல்ல நாக்கு. மழை மாசத்தில்தான் வியாதி கண்ணுக்குத் தெரியும்.

அவர் பேனாவை எடுத்தார். பாரத்தில் முதல் பெயர் அவருடையது. 'யா' கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கட்டத்தில் ஐந்து வாரமாக எவரும் மை வைத்ததில்லை. வெள்ளைச் சுவரில் முதல் ஆணி அடித்தது போல இருந்தது.

பிறகு நிமிர்ந்து, வரிசையைப் பார்த்து, பொத்தாமல் மறைக்காமல் தோளில் முகத்தைத் திருப்பி நன்றாக ஒரு இருமு இருமினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முதலில் நின்ற பங்களாதேஷ்காரனைக் கேட்டார்.

“பாத்தோக்?”

அவன் விழித்தான். ஐந்து வாரமாகக் கேட்ட கேள்வியில் ஒரு சொல் குறைந்திருந்தது.

“பாத்தோக்,” என்றார் மறுபடியும். “எந்த இருமலா இருந்தாலும்.”

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து, கொஞ்சம் என்று காட்டினான். லெட்சுமணன் 'யா' போட்டார். அவனை உள்ளே விட்டார். அவன் அடிபடாமல் உள்ளே போனதைப் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

மெத்தை உறை தைக்கிற மீரா பீவி வந்தார். “என்ன லெட்சுமணண்ணே, கெரிங்க வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“ஆமாம்மா. பாரமா இருந்துச்சு.”

“நனைஞ்ச இருமலும் சேத்தியா?”

“எல்லாம் சேத்தி.”

“அப்ப போடுங்க. ஒரு மாசமா இருக்கு. ராத்திரில வேர்க்குது. ஒரு நாள் எம்.சி. எடுத்தா அந்த மாசத்து வருகைக் காசு போயிரும்னு யார்ட்டயும் சொல்லல.” தைரியமாகச் சொல்லிவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணும் வராதே அண்ணே?”

“என் பேரு உனக்கு மேல இருக்கு. வந்தா மொதல்ல எனக்கு வரும்.”

மீரா பீவி குனிந்து பார்த்தார். அவர் பெயரைப் பார்த்தார். உள்ளே போனார்.

அதற்கப்புறம் வரிசை பேச ஆரம்பித்தது. ஒருவன் விலாவைத் தொட்டுக் காட்டினான். ஒருத்தி தன் பாஷையில் என்னவோ நீளமாகச் சொன்னாள், இருமல் மட்டும் புரிந்தது. இருமலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். லெட்சுமணனின் பேனா வலப்பக்கக் கட்டத்துக்கும் இடப்பக்கக் கட்டத்துக்குமாக ஓடியது. ஒரு சொல்லை எடுத்ததும் இத்தனை பேர் நெஞ்சு திறந்துகொள்ளும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. பூட்டு தொங்குகிற கதவு என்று பதினொரு வருடம் காவல் இருந்தவன், தள்ளிப் பார்த்தால் பூட்டே இல்லாதது போல இருந்தது அவருக்கு.

ஜீவன் வந்தான். சூப்பர்வைசர்களும் வரிசையில் வரவேண்டும்.

“பாத்தோக்?” என்றார் அப்பா.

ஜீவன் பாரத்தைப் பார்த்தான். அவன் கண் முதல் வரியிலேயே நின்றது.

“சொன்னா கேக்க மாட்டீங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. பின்னால ஆள் நிக்குது.”

“இல்லப்பா. திடாக்.”

மகனுக்கு 'திடாக்' போட்டார். ஒரு அழுத்து அழுத்தினார்.

எட்டேகாலுக்கு கேட்டைச் சாத்தியபோது எண்ணியில் 214. பாரத்தில் நாற்பத்தொரு 'யா'. இரண்டு தடவை எண்ணினார். போட்டோ எடுத்தார். முதல் படத்தில் பாதி அவர் கட்டைவிரல். இரண்டாவது படத்தை அனுப்பினார்.

*

ஹேமநாதன் அரை மணியில் காவல் அறைக்கு வந்தார். நாற்பது வயது. கெட்ட மனுஷன் இல்லை. தீபாவளிக்குத் தன் கைக்காசில் காவல்காரருக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர். அன்றைக்கு அவர் முகம் மாவு பூசின மாதிரி இருந்தது.

“அங்கிள், நாப்பத்தொண்ணு யா போட்டிருக்கீங்க. கேள்விய மாத்துறதுக்கு யார் உங்களுக்குப் பெர்மிஷன் குடுத்தா?”

“மாத்தல. ஒரு சொல்லக் கொறச்சேன்.”

“புது பாரம் எடுங்க. பழையபடி எழுதுங்க.”

“பகதூருக்கு டீபின்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஹேமநாதன் கதவைச் சாத்தினார். “தெரியும்.”

“அப்புறம் ஏன் தூசின்னீங்க?”

“சுகாதார இலாகா லெட்டர் போட்டுச்சு. எல்லாரையும் ரெண்டு வாரத்துல செக் பண்ணணும்னு. தவுக்கே மேல ஆளுங்ககிட்ட பேசினார். கண்டெய்னர் போற வரைக்கும் பகுதி பகுதியா செஞ்சிக்கலாம், அதுவரை தினம் கேட்டு எழுதுங்கன்னாங்க. நான் எழுதினேன். எழுதினதுல ஒரு சொல் கூடப் பொய் இல்ல அங்கிள்.”

“பொய் இல்ல. புரியாத மாதிரி எழுதினீங்க.”

“புரியற மாதிரி எழுதியிருந்தா கம்பெனி நின்னிருக்கும். நின்னா இந்த ஆர்டர் வியட்நாமுக்குப் போயிரும். அப்ப இந்த இருநூறு பேருக்கும் நீங்களா சோறு போடுவீங்க?” குரல் உடைந்தது. “எனக்கும் வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. நான் தினம் வீட்டுக்குப் போனதும் வெளியவே சட்டைய கழட்டிப் போட்டுட்டுதான் உள்ள போறேன். உங்களுக்குத் தெரியுமா?”

“நீங்க கழட்டிப் போட்டீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிது,” என்றார் லெட்சுமணன். “எனக்குத் தெரியல. நான் சட்டையோட போயி மருமக பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்.”

ஹேமநாதன் பாரத்தை எடுக்கக் கை நீட்டினார். லெட்சுமணன் தடுக்கவில்லை. கிழித்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். அப்போதுதான் லெட்சுமணனின் போன் அடித்தது.

“மாமா.” ஷாமளா மெதுவாகப் பேசினாள். கிளினிக்கின் பின்கட்டில் நிற்கிறாள் என்று தெரிந்தது. “இலாகாவுக்குப் பேசிட்டேன். பாரத்தையும் அனுப்பிட்டேன். என் பேரு கேட்டாங்க, சொன்னேன். டாக்டர் கண்ணாடி வழியா என்னையே பாக்குறாரு. நாளைக்கு இந்த வேலை இருக்குமோ என்னமோ.”

“பயமா இருக்காம்மா?”

“உதைக்குது மாமா உள்ள. காலையிலேர்ந்து.”

*

இலாகா வண்டி பத்து மணிக்கு வந்தது. பெரிய படை வரும் என்று லெட்சுமணன் நினைத்திருந்தார். இறங்கியது ஒரே ஒரு மலாய்க்காரப் பெண். அவர் தோள் உயரம்கூட இல்லை. தலையில் வெளிர்நீலத் துணி. காலில் சேறு பட்ட பூட்ஸ். கையில் ஒரு கோப்பு. எந்தப் பெரிய மனுஷனும் இப்படி வந்ததை அவர் பார்த்ததில்லை. அதனால் நம்பிக்கை வரவில்லை.

“இந்தப் பாரத்தை எழுதினது யார், பாக்சிக்?” என்று அவரை மாமா முறை வைத்து மலாயில் கேட்டாள்.

“கேள்வி மேனேஜர். கோடு நான்.”

அவள் ஹேமநாதன் கையிலிருந்து பாரத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஹேமநாதன் பக்கத்தில் நின்று கண்டெய்னர், கப்பல், மேலே பேசியாகிவிட்டது என்று என்னென்னவோ சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

“ஐந்து வாரமாக இந்தக் கம்பெனியிலிருந்து எங்களுக்கு வந்த காகிதம் எல்லாவற்றிலும் பூஜ்யம் என்று இருந்தது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பொறுத்துக்கொள் என்று மேலே சொன்னால் பொறுக்கத்தான் வேண்டும். இன்றைக்கு என் கையில் நாற்பத்தொன்று இருக்கிறது.”

கோப்பைத் திறந்தாள். நின்றுகொண்டே ஒரு தாளில் நாலு வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவுக்கு மூடி போட்டாள். அவ்வளவுதான்.

எக்ஸ்ரே வண்டி அன்றைக்குப் பக்கத்து ஊரான பக்ரியில் நின்றதாம். அதற்குப் போன் செய்தாள். சோதனை முடிகிறவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று லெட்சுமணனிடம் சொன்னாள். அவர் கேட்டில் பூட்டைப் போட்டார்.

அப்புறம் இயந்திரங்கள் நின்றன.

முதலில் அறுவைப் பட்டறை. பிறகு துளை போடுகிற இயந்திரம். பிறகு தேய்ப்பு. ஒவ்வொன்றாக மூச்சை விட்டு அடங்கின. கடைசியாகக் கூரையில் இருந்த பெரிய தூசி உறிஞ்சி முனகி முனகிச் சுழன்று நின்றது. பதினொரு வருடத்தில் லெட்சுமணன் அந்த இடத்தை இப்படிக் கேட்டதே இல்லை. பெருநாளுக்கு மூடினாலும் ஒரு பகுதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இப்போது வேலிக்கு வெளியே ஒரு மைனா கத்தியது கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எவனோ துடைப்பத்தால் கூட்டுவது கேட்டது. பட்டறையின் உயரச் சன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. அதற்குள் மரத்தூள், கோடிக்கணக்கில், அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது எல்லாவற்றையும் இத்தனை வருடமாக உள்ளே இழுத்து வெளியே விட்ட நெஞ்சுகள் முற்றத்தில் வரிசையாக நின்றன.

கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால் நிற்கிற கூட்டம் மாதிரி நின்றார்கள். லெட்சுமணன் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தவுக்கே காரில் இருந்து கத்தி நிற்காதது, தொழிலாளர் கூட்டம் போட்டு நிற்காதது, ஒரு சின்னப் பெண் எழுதின நாலு வரிக்கு நின்றது. அந்த நாலு வரிக்கு அடியில் கிடப்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு கேட்காரன் போட்ட கோடுகள்.

வண்டி பதினொரு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. முதல் ஆளாக அவரையே ஏற்றினார்கள். சட்டையைக் கழற்றி, ஜில்லென்ற பலகையில் மார்பை ஒட்டி, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். இறங்கும்போது திரையில் படம் தெரிந்தது. நின்றுவிட்டார்.

“இது யாரு?”

“நீங்கதான் பாக்சிக்.”

விலா எலும்புகள் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக வளைந்து இறங்கின. எந்தத் தச்சன் இழைத்தான் இதை? ஒரு ஆணி இல்லை, ஒரு பிசிறு இல்லை. நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருதயம். இருட்டான இரண்டு அறைகள். அறுபத்தாறு வருடம் ஒரு நாள் எம்.சி. எடுக்காமல் ஓடியிருக்கிறது இந்தப் பட்டறை. இதற்குச் சம்பளம் கொடுத்தது யார்? ஓய்வு கொடுத்தது யார்? இப்படி ஒன்று உள்ளே இருக்கிறதென்று தெரிந்திருந்தால் மனுஷன் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருப்பானே என்று தோன்றியது. வலது அறையின் மேல் மூலையில் மட்டும் பஞ்சைப் பிய்த்து ஒட்டினது போல ஒரு வெளுப்பு.

“அது?”

“சளியைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும்,” என்றாள் பூட்ஸ் போட்ட பெண். ஒரு புது முகமூடியை அவரே எதிர்பார்க்காதபடி அவர் காதில் மாட்டிவிட்டாள். “எதுவானாலும் மருந்து இருக்கிறது பாக்சிக். ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?”

“மருமக. ஏழு மாசம்.” முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினார். “மகன். அவனும் இங்கதான் இருக்கான்.”

“மருமகளை இன்றைக்கே வரச் சொல்லுங்கள். மகனை இங்கேயே பார்த்துவிடலாம்.”

அவருக்கு யாரையும் நம்பிப் பழக்கம் இல்லை. இருந்தாலும் அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஷாமளாவுக்குப் போன் செய்து சொன்னார். பிறகு பாதி நாள், கேட் பக்கத்தில் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, வரிசை வண்டிக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீரா பீவி ஏறினார். பங்களாதேஷ்காரன் ஏறினான். ஹேமநாதன் கழுத்துப் பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொருவருக்குள்ளும் அப்படி ஒரு பட்டறை. தவுக்கே ஏற்றுமதி செய்கிற எந்தக் கட்டிலும் அதற்குக் கிட்ட நிற்காது.

மூன்றே முக்காலுக்கு எக்ஸ்ரே வண்டிக்காரன் இறங்கி வந்து சோம்பல் முறித்தான்.

“முடிந்தது புவான். இருநூற்றுப் பதின்மூன்று படம்.”

அவள் கோப்பில் எழுதப் போனாள்.

“இரும்மா,” என்றார் லெட்சுமணன். தமிழிலேயே சொல்லிவிட்டார். பையிலிருந்து எண்ணியை எடுத்துக் காட்டினார். 214.

“எண்ணியில் தவறு இருக்கலாம் பாக்சிக்.”

“பதினொரு வருஷம்,” என்றார் மலாயில். “இது வரைக்கும் தப்பினதில்லை. காலையிலிருந்து பூட்டைத் திறக்கவும் இல்லை.”

முற்றத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டு போனார். பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி முகம்வரை எண்ணினார். கட்டில் காலை எண்ணிப் பார்க்கிறவர் இல்லையா.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இயந்திரம் ஓடியிருந்தால் ஒரு ஆளுக்கும் கேட்டிருக்காது. பின்னால், பேக்கிங் பகுதியின் இரும்புக் கதவு தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியிருந்தது. அதற்குள்ளிருந்து பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். கிர்ர்ரென்று ஒரு இழுப்பு. அமைதி. மறுபடியும் ஒரு இழுப்பு. நாலு மணிக் கண்டெய்னருக்கு யாரோ ஒருத்தன் தனியாக மீதிப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதமாக முன்னறையில் கிடக்கிற பாய் அவர் கண்முன் வந்தது. வாரில் போட்ட புது ஓட்டை வந்தது. தொடாத ரொட்டி வந்தது.

டேப் நின்றது. அந்த இடத்தில் இருமல் கேட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மறைக்கிற தன்னுடைய சளி இருமல் இல்லை அது. துளிச் சளி இல்லாத இருமல். காய்ந்த பலகையை உளியால் கொத்துகிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிற்கவே இல்லை.

லெட்சுமணன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாரத்தில் ஜீவன் என்ற பெயருக்கு நேரே, தான் போட்ட கோட்டைத் தானே அடித்தார். பக்கத்துக் கட்டத்தில் புதுசாக ஒன்று போட்டார். நாற்பத்திரண்டு.

பிறகு அந்தக் கதவைப் பார்த்து நடந்தார்.